பிரவுசரில் பாட்டு, பக்கத்தில் ஒரு துணை ஆப்

ஓர் ஆஃப்செட் மெஷின் மணிக்கு 6,000 தாள் ஓடினால் நிமிடத்துக்கு 100 தாள். இசை மென்பொருளில் அதுதான் டெம்போ 100. மெஷின்மேன் வேகத்தை 7,200க்கு ஏற்றினால் டெம்போ 120. பட்டாசு லேபிளும் காலண்டரும் அடிக்கிற சிவகாசி பிரஸ்களில் நாள் முழுக்க இந்தத் தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது. சக்கர் தாளைத் தூக்கும்போது ஒரு ‘புஸ்’, கிரிப்பர் கவ்வும்போது ஒரு ‘டக்’, அந்தப் பக்கம் டெலிவரியில் தாள் விழும்போது மெல்லிசாக ஒரு ‘சர்ர்’.

பிரஸ் ஒன்றில் டிடிபி வேலை பார்க்கிற தம்பி ஒருவர் இந்தச் சத்தத்தைப் போனில் பதிந்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறவர். சாயங்காலம் டீக்கடையில் போனைக் காட்டிக் கேட்டார்: “அண்ணே, இத வச்சு ஒரு பாட்டு பண்ணணும். பிரவுசர்லயே பண்ணிப் பாத்தேன். என் கீபோர்டு அதுகூட ஒட்டவே மாட்டேங்குது. கம்ப்யூட்டர்ல துணைக்கு ஒரு ஆப் போடணும்னு சொல்றாங்க. போடலாமா, வேண்டாமா?”

அவருக்குச் சொன்னதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் பிரவுசரில் பாட்டு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பேண்ட்லேப், சவுண்ட்டிராப், ஆம்பெட் ஸ்டுடியோ, ஆடியோடூல் என்று பல தளங்கள் இருக்கின்றன. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். குரோமைத் திறந்து, கணக்கு ஒன்று தொடங்கினால் டிராக், மிக்ஸர், டிரம், சிந்தசைசர் எல்லாம் திரையில் வந்து நிற்கும். பிரவுசருக்குள்ளேயே ஒலியை உருவாக்கவும் மாற்றவும் உதவும் வெப் ஆடியோ என்ற ஏற்பாடு இதற்கு அடித்தளம். 2011 வாக்கிலேயே குரோமில் நுழைந்துவிட்ட அதை, 2021-இல்தான் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு முறையான தரமாக அறிவித்தது. ஸ்டுடியோ வாடகைக்கும் விலை கூடிய மென்பொருளுக்கும் வழியில்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பேண்ட்லேப் மட்டும் 2024-இல் பத்துக் கோடிப் பயனர்களைத் தொட்டது.

அப்படியானால் துணை ஆப் எதற்கு? பிரவுசரைச் சுற்றி ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். எந்த இணையப் பக்கமும் நம் கம்ப்யூட்டருக்குள் இஷ்டத்துக்குக் கை வைக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி. நல்ல வேலி, அது இல்லாவிட்டால் போகிற வருகிற தளமெல்லாம் நம் ஃபோல்டர்களைத் துழாவும். ஆனால் இசை செய்கிறவருக்கு அந்த வேலி சில இடங்களில் இடிக்கும். கம்ப்யூட்டரில் நாம் போட்டு வைத்திருக்கும் விஎஸ்டி பிளக்இன்களை, அதாவது வாத்திய ஒலிகளும் எஃபெக்ட்களும் தரும் துணை மென்பொருட்களை, பிரவுசரால் ஏற்ற முடியாது. ஒலிக் கருவியோடு நேரடியாகப் பேசும் ஆசியோ டிரைவரை அது தொடாது. விண்டோஸின் பொது மிக்ஸர் வழியாகச் சுற்றித்தான் போகும். டிஸ்க்கில் இருக்கிற நூற்றுக்கணக்கான சாம்பிள் ஒலிகளையும் தானாகத் தேடி எடுத்துக்கொள்ளாது.

துணை ஆப் என்பது வேலிக்கு இந்தப் பக்கம், நம் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்திருக்கும் சின்ன மென்பொருள். அது 127.0.0.1 என்ற முகவரியில் காது கொடுத்துக் காத்திருக்கும். அந்த முகவரி எந்தக் கம்ப்யூட்டரிலும் ‘நான்தான்’ என்று தன்னையே குறிப்பது. பிரவுசரில் திறந்திருக்கும் பக்கம் அந்த முகவரிக்குப் பேசும்: இந்த ஸ்வரத்தை இந்தப் பிளக்இன்னில் வாசி என்று சொல்லும். ஆப் வாசித்து ஒலியைத் திருப்பி அனுப்பும். இந்தப் பேச்சு இணையத்துக்குப் போவதில்லை, மெஷினுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதனால் நெட் மெதுவாக இருந்தாலும் இந்தப் பரிமாற்றம் மெதுவாகாது.

எல்லாத் துணை ஆப்பும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பேண்ட்லேப், அசிஸ்டன்ட் என்றே பெயர் வைத்து ஒன்றைக் கொடுத்தது. லூப்புகளை இறக்கித் தருவதும், கேக்வாக் என்ற டெஸ்க்டாப் மென்பொருளைப் போட்டுத் தருவதும் அதன் முக்கிய வேலையாக இருந்தது. அதாவது சரக்கு கொண்டுவந்து போடுகிற ஆப். ஆம்பெட் ஸ்டுடியோவின் விஎஸ்டி ரிமோட் வேறு ரகம். நம் மெஷினில் இருக்கும் பிளக்இன்னைப் பிரவுசருக்குள் வாசிக்கக் கொடுக்கிற ஆப் அது. உங்களுக்கு எது தேவை என்று தெரியாமல் இறக்கினால், ஒரு ராத்திரி வீணாகும்.

“அப்ப இத போட்டா, கட்டைய அமுக்குன பிறகு லேட்டா சத்தம் வருதே, அந்தத் தாமதம் போயிருமா அண்ணே?”

போகாது, தம்பி. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆப் உருவாக்கிய ஒலி மறுபடி பிரவுசருக்குள் போய், அங்கிருந்து விண்டோஸ் மிக்ஸர் வழியாக ஸ்பீக்கருக்கு வருமானால் தாமதம் குறையவே குறையாது. ஒரு சுற்று கூடத்தான் செய்யும். ஆப் தன் ஒலியைப் பிரவுசருக்கு அனுப்பாமல் நேரே ஒலிக் கருவிக்கு விட்டால் மட்டுமே தாமதம் குறையும். எந்த ரகம் என்பதை, அந்த ஆப்பின் செட்டிங்ஸில் ‘ஆடியோ டிவைஸ்’ என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அது இல்லையென்றால் ஒலி பிரவுசர் வழியாகத்தான் போகிறது.

தாமதத்தின் அளவைச் சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது. வானத்தில் பூ விரிந்த பிறகுதான் சத்தம் வரும் என்று நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. அதனால் 10 மில்லி நொடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கிற ஸ்பீக்கரில் வாசிப்பைக் கேட்பது. கை அதைக் கண்டுகொள்ளாது. 20 மில்லி நொடி என்றால் ஏழு மீட்டர். பழகிய கைக்கு லேசாக இழுப்பது தெரியும். புளூடூத் ஹெட்போனில் 200 மில்லி நொடி சர்வசாதாரணம். கிட்டத்தட்ட எழுபது மீட்டர். தெருக்கோடியில் நிற்கிற ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு இங்கே கீபோர்டு வாசிப்பதுதான் அது. தம்பி புளூடூத்தில்தான் கேட்டிருக்கிறார். அவருடைய பிரச்சினையில் பெரும்பகுதி ஒயர் ஹெட்போன் ஒன்றில் தீர்ந்துவிடும். ஆப் போடுவதற்கு முன் அதைச் செய்து பாருங்கள்.

மீதி இருப்பது பஃபர் கணக்கு, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தவணைக்கு எத்தனை சாம்பிள் ஒலியைச் சேர்த்து அனுப்புகிறது என்பது. நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபர் 256 என்று வைத்தால் 5.3 மில்லி நொடி. 512 என்றால் 10.7, 1,024 என்றால் 21.3. வாசித்துப் பதியும்போது 256. பதிந்து முடித்து, டிராக் சேர்ந்து, சத்தம் ‘கர்கர்’ என்று உடைய ஆரம்பித்தால் 1,024. இந்த ஒரு பழக்கம் இருந்தால் எட்டு ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப்பே போதும்.

இனி ஆப்பை நிறுவுவது. ஒரு சாயங்காலத்தை ஒதுக்கிக்கொண்டு, வரிசை மாறாமல் செய்யுங்கள்.

கீபோர்டை யுஎஸ்பி ஒயரில் இணைத்து, அதற்குப் பிறகு குரோமையோ எட்ஜையோ திறக்க வேண்டும். யமஹா, காசியோ கீபோர்டுகள் பலவற்றில் பின்னால் ஒரு சதுர யுஎஸ்பி துளை இருக்கும். பிரிண்டருக்கு மாட்டுகிற அதே ஒயர், பிரஸ் தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பக்கம் திறந்ததும் மிடி கருவியைப் பயன்படுத்த அனுமதி கேட்கும். அவசரத்தில் ‘பிளாக்’ கொடுத்தவர்கள்தான் கீபோர்டு ஒட்டவில்லை என்கிறார்கள். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னக் குறியை அழுத்தி அனுமதியை மாற்றிவிடலாம். கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் இந்த மிடி என்ற மொழி 1983-இல் வந்தது. மூன்று வருடத்தில், 1986-இல், இளையராஜா ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கணினியை வைத்து இசை செய்தார். பிரவுசருக்குள் மிடி வர 2015 ஆனது, குரோமில். ஆப்பிளின் சஃபாரியில் இன்றும் கிடையாது; மேக் வைத்திருப்பவர்களும் குரோம் போன்ற வேறு பிரவுசரைத்தான் போட வேண்டும்.

பிரவுசரில் கீபோர்டு பேசுவது உறுதியான பிறகு ஆப்பை இறக்குங்கள். அந்தத் தளத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும். தேடலில் முதலில் வந்து நிற்கும் ‘ஃப்ரீ டவுன்லோடு’ பக்கங்கள் எதுவும் வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி, வெளியீட்டாளர் பெயரைச் சொல்லி அனுமதி கேட்கும். பெயர் அந்த நிறுவனத்துடையதுதானா என்று நிதானமாகப் படியுங்கள். ‘அன்நோன்’ என்றிருந்தால் நிறுத்திவிடுங்கள். ஃபயர்வால் கேட்டால் ‘பிரைவேட்’ மட்டும் டிக், ‘பப்ளிக்’ வேண்டாம்.

ஆப் ஓட ஆரம்பித்ததும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் குறி வரும். பிரவுசரில் எந்தக் கணக்கில் இருக்கிறீர்களோ அதே கணக்கில் ஆப்பிலும் நுழைய வேண்டும். ஒன்றில் ஜிமெயில், மற்றதில் வேறு மெயில் என்றால் இரண்டும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி இருக்கும். இப்போது பிரவுசர் பக்கத்தை ஒரு தடவை ரீலோட் செய்யுங்கள். இந்தக் கருவியில் உள்ள ஆப்களோடு பேச இந்தத் தளத்தை அனுமதிக்கலாமா என்று குரோம் கேட்கக்கூடும். அண்மைப் பதிப்புகளில் வந்திருக்கிற பாதுகாப்பு இது. இங்கே ‘அலவ்’ கொடுக்காவிட்டால் ஆப் ஓடிக்கொண்டே இருந்தும் ‘இணைக்கப்படவில்லை’ என்றே காட்டும்.

அடுத்து பிளக்இன் தேடல். விஎஸ்டி3 வகைப் பிளக்இன்களுக்கு விண்டோஸில் ஒரே வீடு: சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3. அங்கே இருப்பதை ஆப் தானாகக் கண்டுகொள்ளும். பழைய வகை விஎஸ்டிக்கு ஒரே இடம் என்று கிடையாது. ஃபோல்டரை நாமே காட்ட வேண்டும். முதல் தடவை ஒரே ஒரு பிளக்இன்னை மட்டும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஐம்பதை வைத்து, ஏதோ ஒன்று ஆப்பையே படுக்க வைத்தால், எது என்று கண்டுபிடிக்க முடியாது. தொடங்குவதற்கு டீசென்ட் சாம்பிளர், சர்ஜ் எக்ஸ்டி இரண்டும் இலவசம். கிராக் செய்த பிளக்இன் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. அதில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் முடிந்தும் சத்தம் வராமல் போகும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போடுவார்கள். துணை ஆப்பில் அதைத் தேர்ந்தெடுத்த நிமிடத்தில் யூடியூப் ஊமையாகும், பிரவுசரும் ஊமையாகும். கம்ப்யூட்டர் கெட்டுப்போனதாக நினைத்துவிட வேண்டாம். அந்த டிரைவர் ஒலிக் கருவியை மொத்தமாகத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது, மற்றவர்களுக்கு இடமில்லை. ஒலி பிரவுசர் வழியாகப் போகிற ரகம் என்றால் ஆசியோ4ஆலை எடுத்துவிட்டு விண்டோஸ் டிரைவருக்கே திரும்புங்கள். கீபோர்டு விஷயத்திலும் இதே தகராறு வரும். வழக்கமான விண்டோஸ் மிடி ஏற்பாட்டில் ஒரு கீபோர்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். ஆப்பும் பிரவுசரும் இரண்டு பேரும் அதைக் கேட்டால் முதலில் வந்தவருக்குத்தான். கீபோர்டைப் பிரவுசரிடம் விட்டுவிட்டு, ஆப்பில் மிடி உள்ளீட்டை அணைத்துவிடுவதே நல்லது.

தம்பிக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. “வீட்ல பண்ணத சர்ச்ல இருக்க லேப்டாப்ல திறந்தா வருமாண்ணே?”

பிரவுசர் பாட்டின் பெரிய வசதியே எங்கே திறந்தாலும் வரும் என்பதுதான். துணை ஆப் வந்ததும் அந்த வசதியில் பாதி போய்விடுகிறது. பாட்டு தளத்தில் இருக்கும், பிளக்இன் வீட்டு மெஷினில் இருக்கும்; சர்ச் லேப்டாப்பில் அந்த டிராக் மட்டும் பேசாது. டிடிபி செய்கிறவருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. டிசைன் ஃபைலை ஃபான்ட் இல்லாத பிரஸ்ஸுக்கு அனுப்பினால் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அதே கதை. அதற்கு நாம் என்ன செய்கிறோம்? கோரல்டிராவில் எழுத்துகளைக் ‘கர்வ்’ ஆக்கி அனுப்புகிறோம். இங்கேயும் பிளக்இன்னில் வாசித்த டிராக்கை ஆடியோவாக மாற்றி, அதே பாட்டில் பக்கத்து டிராக்காகப் போட்டு வையுங்கள். மூலத்தை அழிக்காமல் மியூட் செய்தால் போதும். நாளைக்கு ஒரு ஸ்வரத்தைத் திருத்த வேண்டுமானால் வீட்டில் திருத்திக்கொள்ளலாம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆப் போடலாமா என்றும் கேட்டார். வேண்டாம். பிரஸ் கம்ப்யூட்டர்களில் அடுத்தவர் வேலை இருக்கிறது. சீசன் நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் நின்றால் எத்தனை பேர் வேலை நிற்கும் என்று அவருக்கே தெரியும். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி அனுமதியோடு பிரவுசரில் மட்டும் வேலை செய்யுங்கள். ஆப் வீட்டு லேப்டாப்பில் இருக்கட்டும்.

சரி, போனில் பதிந்த அந்த ஆஃப்செட் மெஷின் சத்தத்தை என்ன செய்வது? எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். டெம்போ 100 என்றால் ஒரு தாள் போகிற நேரம் சரியாக 0.6 நொடி. 48,000 வேகத்தில் அது 28,800 சாம்பிள். நாலு தாள் சேர்ந்தால் 2.4 நொடி, நாலு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம். போனில் பதிந்ததை இறக்கிப் பார்த்தால் அலையில் கிரிப்பர் அடி மட்டும் முள்ளாக நீட்டிக்கொண்டு தெரியும். ஒரு முள்ளின் தொடக்கத்திலிருந்து ஐந்தாவது முள்ளின் தொடக்கம் வரை வெட்டுங்கள். மீட்டரில் 6,000 என்று காட்டினாலும் உண்மையில் 5,950 ஓடியிருக்கலாம், அப்போது 2.4க்குப் பதில் 2.42 வரும். ஒலியை இழுத்துச் சரிசெய்யாதீர்கள், பாட்டின் டெம்போவை 99.2 என்று மெஷினுக்கு ஏற்ப வையுங்கள். இழுத்த சத்தத்தில் அந்த ‘டக்’ மழுங்கிவிடும். பிறகு ‘புஸ்’ தனி, ‘டக்’ தனி, ‘சர்ர்’ தனி என்று நறுக்கி டீசென்ட் சாம்பிளரில் மூன்று கட்டைகளில் வைத்தால், தம்பி கீபோர்டிலேயே பிரஸ்ஸை வாசிக்கலாம். இதற்குத்தான் துணை ஆப் வேண்டும். தளத்தில் இருக்கிற டிரம்மும் பியானோவும் போதுமென்றால் அது வேண்டவே வேண்டாம். பிரவுசர் மட்டும் போதும். என் தீர்ப்பு இவ்வளவுதான்.

பதியும்போது போனைக் கிரிப்பர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், கையும் தலைமுடியும் துண்டும் மெஷினிடம் போகவே கூடாது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே போதுமான சத்தம் வரும். வெடிச்சத்தம் பதிய நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் வரை பட்டாசுக்கு அனுமதி உண்டு. போன் மைக் அதைத் தாங்காது. அலையின் தலை சீவிவிட்ட மாதிரி தட்டையாகும், அதை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. வெகு தூரத்தில் நின்று பதியுங்கள், எதிரொலியோடு வருவது இன்னும் நன்றாகவே இருக்கும்.

பிரதி எடுத்து வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இணையத் தளங்கள் கை மாறும். சவுண்ட்டிராப்பை 2017-இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது; 2023-இல் அது தொடங்கியவர்களிடமே திரும்பிப் போனது. கேக்வாக்கை அதன் உரிமையாளரான கிப்சன் 2017-இல் கைவிட்டது. 2018-இல் பேண்ட்லேப் எடுத்துக்கொண்டது. 2020 கடைசி நாளோடு அடோபி ஃபிளாஷை நிறுத்தியபோது, அதை நம்பி நின்ற இசைத் தளங்கள் தங்களையே புதிதாக எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் பாட்டு அவர்கள் சர்வரில் மட்டும் இருந்தால் அது உங்கள் கையில் இல்லை. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக இறக்கிக்கொள்ளுங்கள். 24 பிட் மோனோ என்றால் நிமிடத்துக்கு 8.6 எம்பி. பத்து டிராக், நாலு நிமிடப் பாட்டு, மொத்தம் 350 எம்பிக்குள் அடங்கும். ஒரு பென் டிரைவில் எத்தனையோ பாட்டு நிற்கும்.

சிவகாசியில் சத்தம் மட்டும்தான், சங்கீதம் கிடையாது என்று நினைக்கிற வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள். நாடக மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடி, அதற்காகச் சிறைக்குப் போன தியாகி விஸ்வநாததாஸ் 1886-இல் பிறந்த ஊர் இது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தவர் அவர். இன்றைக்கும் பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் வந்தால் இங்கே நையாண்டி மேளமும் உருமியும் தெருவை நிறைக்கின்றன. ஆனால் பிரவுசர் தளங்களின் ஒலிக் களஞ்சியத்தில் போய் உருமி என்று தேடிப் பாருங்கள், ஏமாற்றம்தான். இந்தியா என்றால் தபேலாவும் சிதாரும் என்று முடித்திருப்பார்கள். உருமியின் தோலில் குச்சி இழுபடும் அந்த முனகலை வேறு எந்த ஒலியை வளைத்தும் கொண்டுவர முடியாது.

துணை ஆப்பைப் போட்டுப் பழகிய பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் தெருவிலோ பக்கத்துக் கிராமத்திலோ உருமியோ பம்பையோ தவிலோ வாசிக்கிறவர் இருந்தால் அவரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் அடியையும் மெதுவாக, உரக்க, கை மாற்றி என்று தனித்தனியாகப் பதியுங்கள். அதற்குரிய கூலியைக் கையில் கொடுங்கள். பாட்டை வெளியிடும்போது, அவர் சம்மதத்தோடு, வாசித்தவர் பெயரை முதலில் போடுங்கள்.